ஒரு பட்டம், நான்கு சாஸ்திரங்கள்

சித்திரைப் பௌர்ணமியையொட்டிக் கள்ளழகர் அழகர்மலையிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டு வரும் நாட்களில், வழிநெடுக உள்ள மண்டபங்களில் கண்விழித்துக் காத்திருக்கும் பெருங்கூட்டத்துக்குள் அப்பன்திருப்பதி, பொய்கைக்கரைப்பட்டி, கிடாரிப்பட்டி முதலிய ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிலவு இரவுக்கிரவு வளர்வதையும், அழகர் வைகையில் இறங்கும் விடியற்பொழுதில் கிழக்கே சூரியன் எழும்போது மேற்கே முழுநிலவு சாய்வதையும் கண்ணாரக் கண்ட ஒரு பிள்ளை, கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், நிலவு ஏன் வளர்கிறது, ஏன் தேய்கிறது என்று தன் அறிவியல் ஆசிரியரிடம் கேட்குமானால், அதற்குக் கிடைக்கும் விடை, அந்த ஆசிரியர் எந்தப் பாடத்தில் எவ்வளவு ஆழமாக, எந்த முறையில் பயிற்றுவிக்கப்பட்டவர் என்பதையே பெரிதும் பொறுத்தது. கட்டடம், பாடநூல், பரீட்சை முறை ஆகியவற்றைப் பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், இந்த மூலகாரணத்தைப் பற்றி மட்டும் போதிய சிரத்தை காட்டியதில்லை.

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் என்பது ஒரே பாடம். பௌதிகம், ரசாயனம், தாவரவியல், விலங்கியல் ஆகிய நான்கும் அதனுள் அடங்கியிருக்கின்றன. ஆனால் அந்தப் பாடத்துக்கு உரிய பட்டதாரி ஆசிரியரை அரசு தெரிந்தெடுப்பதோ, நான்கில் ஏதேனும் ஒன்றில் அவர் பெற்ற பட்டத்தைக் கொண்டுதான். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பட்டியலில் பௌதிகப் பட்டதாரியாகவோ விலங்கியல் பட்டதாரியாகவோ இடம்பெறுபவர், பள்ளிக்குள் நுழைந்த நாள் முதல் நான்கு சாஸ்திரங்களுக்கும் பொறுப்பாளியாகிவிடுகிறார். நகரத்துப் பெரிய பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள் பலர் இருப்பதால் பாடங்களைப் பகிர்ந்துகொள்ள வழியுண்டு; சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியலுக்கென்று இருப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஆகவே விலங்கியல் படித்தவர் ஓமின் விதியையும் லென்ஸின் பிம்பத்தையும், பௌதிகம் படித்தவர் மெண்டலின் பட்டாணிச் செடியையும் தாவரத் திசுக்களையும் போதிக்க வேண்டிய நிர்ப்பந்தம் நேர்கிறது.

அவர் படித்து வந்த பாதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இதன் கஷ்டம் விளங்கும். மேல்நிலை வகுப்பில் கணிதம், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றோடு கணினி அறிவியலை எடுத்து, பின்பு கல்லூரியில் பௌதிகமும் அதற்குத் துணைப்பாடங்களாகக் கணிதமும் ரசாயனமும் படித்த ஒருவர், உயிரியலைக் கடைசியாகத் தொட்டது தம்முடைய பத்தாம் வகுப்பிலேதான். தாவரவியலோ விலங்கியலோ படித்தவருக்குப் பௌதிகம் மேல்நிலைப் பள்ளியோடு முடிந்துபோயிருக்கும். அதன்பின் வரும் பி.எட். பயிற்சியிலும், பௌதிக அறிவியல் கற்பித்தல் ஒரு பிரிவு, உயிரியல் அறிவியல் கற்பித்தல் வேறு ஒரு பிரிவு. தம் பட்டத்துக்குரிய பிரிவையே ஒவ்வொருவரும் பயில்கிறார்கள். 2015 முதல் பி.எட். ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. ஆயினும் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் இடையே இருந்த சுவர் அப்படியே நிற்கிறது. பதினைந்து வயதில் தாம் மனப்பாடம் செய்ததை மட்டுமே முதலாக வைத்துக்கொண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் முன் நிற்கும்படி ஓர் ஆசிரியரை நாம் நிறுத்தியிருக்கிறோம்.

இதன் விளைவை அறிய வகுப்பறையின் ஓரத்தில் ஒரு வாரம் அமர்ந்திருந்தால் போதும். தமக்குரிய பாடம் வரும்போது நூலை மூடிவைத்துவிட்டு, கரும்பலகையில் படம் போட்டு, எதிர்க்கேள்வி கேட்டு, பிள்ளைகள் தவறாகச் சொன்னதையே ஏணியாக்கி மேலே ஏறும் அதே ஆசிரியர், தமக்கு உரிமையில்லாத பாடம் வந்ததும் நூலைக் கையிலெடுக்கிறார். ஒரு மாணவனை எழுப்பி வாசிக்கச் செய்கிறார். பாட இறுதியிலுள்ள வினாக்களுக்கு விடை எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்று சொல்லிக் கோடு போடச் செய்கிறார். பள்ளிகளில் ‘புக் பேக்’ என்று வழங்கும் அந்த வினாக்களைக் கொண்டே பரீட்சையில் தேறிவிடலாமாதலால், மதிப்பெண் பட்டியலில் இந்தக் குறை வெளிப்படுவதில்லை. சோம்பலாலோ அலட்சியத்தாலோ அவர் இப்படிச் செய்வதாக நினைப்பது பெரும் அநீதி. தமக்குத் திடமாகத் தெரியாத விஷயத்தில் கேள்வியை வரவேற்க எந்த மனிதருக்கும் தைரியம் வருவதில்லை. கேள்விக்கு அஞ்சும் வகுப்பில் அறிவியல் நடைபெறுவதும் இல்லை.

பாட அறிவு எந்த இடத்தில் வந்து குறுக்கிடுகிறது என்பதை நிலவைக் கொண்டே காட்டலாம். நிலவின் வளர்பிறை தேய்பிறைக்குக் காரணம் பூமியின் நிழல் என்று நம்பும் பிள்ளைகள் எங்கும் உண்டு. இதைத் திருத்த, சன்னல்களைச் சாத்திய அறையின் ஒரு மூலையில் ஒரு விளக்கை ஏற்றி, குச்சியில் செருகிய பந்தொன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, கையை நீட்டியபடியே மெல்ல இடப்புறமாகச் சுற்றிவரச் சொன்னால் போதும். விளக்கை நோக்கி நிற்கும்போது இருண்டிருந்த பந்து, சற்றுத் திரும்பியதும் ஓரத்தில் கீற்றாக ஒளிரும். கால்வட்டம் சுற்றியதும் பாதியாகும். விளக்குக்கு முதுகு காட்டியதும் முழுமையாகும். ஆனால் சரியாக அந்த இடத்தில் பிள்ளையின் தலைநிழல் பந்தின்மேல் விழுந்துவிடும். “சார், நிழல் விழுந்து பந்தே இருட்டாயிருச்சே, அப்புறம் பௌர்ணமி எப்படி வரும்?” என்று அது கேட்கும். நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் செல்கிறது என்பதை அறிந்த ஆசிரியர், “பந்தைத் தலைக்குமேல் கொஞ்சம் உயர்த்திப் பிடி” என்று சொல்லி, அந்த ஒரு கணத்திலேயே பௌர்ணமியையும் சந்திர கிரகணத்தையும் பிள்ளைக்கு வேறுபடுத்திக் காட்டிவிடுவார். அதை அறியாதவரோ, “பாடத்தை மட்டும் கவனி” என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார். பந்தும் விளக்கும் இருவருக்கும் ஒன்றே.

இப்படிச் சொல்வதால், உரிய பாடத்தில் பட்டம் பெற்றுவிட்டாலே எல்லாம் கைகூடிவிடும் என்று கொள்ளலாகாது. 1987இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ‘ஒரு தனிப் பிரபஞ்சம்’ என்னும் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என 23 பேரிடம், பருவங்கள் மாறுவதற்கோ நிலவு வளர்ந்து தேய்வதற்கோ காரணம் கேட்டபோது, 21 பேர் பிழையான விளக்கத்தையே தந்தார்கள். உயர்ந்த படிப்பும் ஒருவரது பால்யத்து எண்ணங்களை அசைக்காமல் விட்டுவிடக்கூடும் என்பதற்கு இது பிரத்தியட்ச சாட்சி. இதை ஒட்டிய கேள்வியை பிலிப் சாட்லரும் கெர்கார்ட் சொனர்ட்டும் 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார்கள். அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் பௌதிக அறிவியல் கற்பித்த 181 ஆசிரியர்களையும் அவர்களிடம் பயின்ற 9,556 மாணவர்களையும் கொண்ட அந்த ஆராய்ச்சியில், மாணவர்களுக்குக் கொடுத்த வினாக்களையே ஆசிரியர்களுக்கும் கொடுத்து, சரியான விடையைக் குறிப்பதோடு, மாணவர்கள் மிகுதியாகத் தெரிந்தெடுக்கக்கூடிய தவறான விடை எது என்பதையும் குறிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளிடம் வேரூன்றிய தவறான எண்ணம் உள்ள விஷயங்களில், சரியான விடையை மட்டும் அறிந்த ஆசிரியர்களிடம் பயின்றவர்களைவிட, அந்தத் தவறான எண்ணத்தையும் சேர்த்து அறிந்த ஆசிரியர்களிடம் பயின்றவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். பாடத்தை அறிவதும், அந்தப் பாடத்தைப் பிள்ளை மனம் எப்படிப் பிழைபட வாங்கிக்கொள்கிறது என்பதை அறிவதும் ஆகிய இவ்விரண்டும் கூடிய ஞானமே ஆசிரியருக்குரிய தனி ஞானம். லீ ஷுல்மன் என்னும் கல்வியாளர் 1986இல் இதைத் தனியே பெயரிட்டு வலியுறுத்தினார்.

இதற்கு உயிரியலிலும் ஓர் உதாரணம் காட்டுவேன். அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறிச் செல்லும் வழியில், மண்ணே இல்லையென்று சொல்லத்தக்க பாறை இடுக்குகளில் மரங்கள் தழைத்து நிற்பதைப் பிள்ளைகள் எத்தனையோ முறை கண்டிருக்கிறார்கள். ‘இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால், அநேகமாக எல்லாரும் ‘மண்ணிலிருந்து’ என்றே சொல்வார்கள். வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்து எடுத்து நிறுத்தபோது, மரம் 169 பவுண்டாகப் பெருத்திருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. அவர் மறைந்தபின் 1648இல் வெளியான இந்தச் சோதனையிலிருந்து, மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார், அதுவும் பிழையே. உலர்ந்த மரத்தின் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை நூறு முறை எழுதிய மாணவனும், மரம் காற்றிலிருந்து உருவாகிறது என்று சொன்னால் திகைத்து நிற்கிறான். சமன்பாடும் மரமும் அவன் மனத்தில் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. அந்தச் சந்திப்பை நிகழ்த்த வேண்டியவர் ஆசிரியர். பத்தாம் வகுப்போடு உயிரியலைக் கைவிட்ட ஒருவர், தக்க பயிற்சியின்றி அதை எங்ஙனம் நிகழ்த்துவார்?

அறிவியலை ஒரே பாடமாக்கியதுதான் பிழை என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1952-53இல் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, எல்லா மாணவர்க்கும் பொதுவான அறிவியலைப் பரிந்துரைத்ததில் நியாயம் இருந்தது. இயற்கை நான்கு துறைகளாகப் பிரிந்து நம்மிடம் வருவதில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இருக்கும் மேலூர் வட்டாரத்தில், 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவானதாகச் செய்தி வந்து, ஊர்கள் திரண்டெழுந்து, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததை நாம் அறிவோம். டங்ஸ்டன் என்றால் என்ன என்று அந்நாட்களில் ஒரு மாணவி கேட்டிருந்தால், தனிம வரிசை அட்டவணையில் அது 74ஆம் இடத்தில் இருப்பது ரசாயனம். உலோகங்களிலேயே மிக உயர்ந்த அளவாக 3,422 பாகை செல்சியஸில் உருகுவதால் மின்விளக்கின் இழையானது பௌதிகம். சுரங்கம் வந்தால் சுனைகளுக்கும் வல்லூறுகளுக்கும் பயிருக்கும் என்ன நேரும் என்பது உயிரியல். மூன்றும் சேர்ந்தாலன்றி அவளது கேள்விக்கு விடையில்லை. ஒருங்கிணைந்த பாடம் சரியானதே; அதற்கேற்ற ஒருங்கிணைந்த பயிற்சியை ஆசிரியருக்கு அளிக்காமல் விட்டதே பிழை.

பிற்காலத்துச் சட்டங்களும் தேர்வுகளும் இந்தப் பிழையைத் திருத்தவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியரை வகுக்கும்போது, அறிவியலையும் கணிதத்தையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துவிட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண்களில் 60 மதிப்பெண்கள் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கூட்டாக ஒதுக்கப்பட்டுள்ளன. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்போ, ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்திருப்பதால், நரை கண்ட ஆசிரியர்களும் வினா வங்கிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேர்வு ஒருவரது அறிவை அளக்கும், அறிவை உண்டாக்காது. கொடுக்காத பயிற்சிக்குக் கணக்குக் கேட்பது நீதியாகாது.

பணியிடைப் பயிற்சி நடைபெறவில்லையா என்று கேட்கலாம், நடைபெறுகிறது. மாநில அளவில் கருத்தாளர்களுக்கும், அவர்கள் வழியாக மாவட்டத்துக்கும், பின்பு வட்டார வள மையங்களுக்கும், குறுவள மையங்களுக்கும் அது இறங்கி வருகிறது. பெரியாற்றுக் கால்வாயின் நீர் மேலூர்க் கடைமடைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்துவிடுகிறதோ, அவ்வளவு மெலிந்தே இந்தப் போதனையும் ஆசிரியரை வந்தடைகிறது. அதிலும் பெரும்பகுதி நேரம், புதிய திட்டங்களின் விதிகளை அறிவிப்பதிலும், படிவங்களை விளக்குவதிலும், பதிவேற்ற வேண்டிய விவரங்களைச் சொல்வதிலும் கழிந்துவிடுகிறது. இரண்டு மின்கலங்களையும் மூன்று பல்புகளையும் கொடுத்து, முதல் பல்பு மின்னோட்டத்தைச் ‘செலவழித்துவிட்டு’ மிச்சத்தைத்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது என்று பிள்ளைகள் எண்ணுவது ஏன், அந்த எண்ணத்தை எப்படிக் கலைப்பது என்று விலங்கியல் ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுவதும் செலவிடும் பயிற்சி அரிதினும் அரிது.

இத்தகைய பயிற்சி இந்தியாவில் நடவாத காரியமன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல், கிஷோர் பாரதி, ரசூலியாவின் கிராமிய மையம் ஆகிய இரு ஸ்தாபனங்களும் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் போதனைத் திட்டத்தைத் தொடங்கின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து, கிராமத்து ஆசிரியர்களோடு கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் ஒன்றாகத் தங்கினார்கள். மாணவர்கள் செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் முதலில் தம் கையாலேயே செய்து, தவறி, விவாதித்து, மீண்டும் செய்தார்கள். ஆண்டு தொடங்கியபின் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எழுந்த இடர்ப்பாடுகளைத் தமக்குள் ஆலோசித்தார்கள். பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களை ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் அநுமதி இருந்தது. 1982இல் பிறந்த ஏகலவ்யா நிறுவனம் இதைப் பல மாவட்டங்களுக்குப் பரப்பியது. 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்திவிட்டதாயினும், சாதாரணக் கிராமத்து ஆசிரியர், பாடத்தின் ஆழத்துக்கு மரியாதையோடு அழைத்துச் செல்லப்பட்டால், எவ்வளவு தூரம் வரக்கூடியவர் என்பதை அந்த முப்பது ஆண்டுகள் நிரூபித்தன.

பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைத் தட்டினால் காணொளி வருகிறதே, அது போதாதா என்று கேட்பாரும் உண்டு. காணொளி விளக்கும், ஆனால் பிள்ளையின் தவறான எண்ணத்தைக் கேட்டறிந்து, அதற்கேற்ப அடுத்த கேள்வியை மாற்றிக் கேட்க அதற்கு இயலாது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருவது பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் கருத்தாளர் விடைபெற்றுச் சென்ற மறுநாள் எழும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியரே. ஆகவே அந்தச் சோதனை முதலில் அவருடைய சொத்தாக வேண்டும்.

பரிகாரம் தொலைவில் இல்லை. முதலாவது, பி.எட். பயிற்சியில் பௌதிக அறிவியல் பிரிவினர் உயிரியல் செய்முறையையும், உயிரியல் பிரிவினர் பௌதிக, ரசாயனச் செய்முறைகளையும் கட்டாயமாகப் பயில வேண்டும். இரண்டாவது, பணியேற்ற முதல் மூன்று கோடைகளில், ஆசிரியர் பட்டம் பெறாத மற்ற மூன்று துறைகளிலும், கோடைக்கு ஒன்றாக, மூன்று வாரப் பயிற்சி ஊதியத்தோடும் உரிய ஈட்டு விடுப்போடும் அளிக்கப்பட வேண்டும். மதுரையில் அதற்கு இடமா இல்லை? 1881இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி, 1948இன் லேடி டோக் கல்லூரி, 1949இன் தியாகராசர் கல்லூரி, 1966இல் எழுந்த மதுரைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வுக்கூடங்கள் கோடையில் ஓய்வாக இருக்கின்றன. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் விதத்தைக் கண்டறிந்த கோடைக்கானல் வானாய்வகம் ஒரு நாள் பயணத்தில் இருக்கிறது. அரிட்டாபட்டியும் அழகர்மலையும் வாசலிலேயே இருக்கின்றன.

மூன்றாவது, அழகர்கோவிலைச் சுற்றியுள்ள ஐந்தாறு பள்ளிகளை ஒரு தொகுதியாகக் கொண்டால், நான்கு துறைப் பட்டதாரிகளும் அதனுள் நிச்சயம் இருப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் வேறெந்த அலுவலுமின்றி அவர்கள் கூடி, அடுத்த மாதம் நடத்த வேண்டிய பாடங்களைத் தமக்குள் ஒருவருக்கொருவர் போதித்துக்கொள்ளலாம். கடினமான இரண்டொரு பாடங்களுக்குப் பள்ளி மாறிச் சென்று வகுப்பெடுக்கவும் அநுமதிக்கலாம். இதற்குப் புதிய செலவு மிகச் சொற்பம்; விவரப் பதிவேற்றம் முதலிய வேலைகளிலிருந்து அந்த ஆசிரியர்களை விடுவிக்கும் மனம்தான் வேண்டும்.

2009ஆம் ஆண்டுத் தொடரில் தமிழ்நாட்டின் பதினைந்து வயது மாணவர்கள் சர்வதேச பிசா தேர்வில் கலந்துகொண்டபோது, அறிவியலில் அவர்கள் பெற்ற சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அந்தத் தேர்வின் பொருத்தத்தைப் பற்றி வாதங்கள் எழுந்தன. அதன்பின் இந்தியா அதில் மீண்டும் பங்குகொள்ளவுமில்லை. பாடநூல்கள் 2018 முதல் புதுக்கி எழுதப்பட்டன. அவை முன்னிலும் செறிவானவை, கனமானவை. நூலின் கனம் கூடக்கூட, அதைக் கையாளும் ஆசிரியரின் பலமும் கூட வேண்டும் என்ற எளிய நியாயத்தை மட்டும் நாம் மறந்தோம். நகரத்துப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உண்டு, படித்த பெற்றோர் உண்டு. அரசுப் பள்ளிக்கு வரும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அறிவியலின் வாசல் அந்த ஓர் ஆசிரியரே. பத்தாம் வகுப்பில் அவரது பௌதிகம் தளர்ந்தால், பதினோராம் வகுப்பில் அந்தப் பிள்ளை அறிவியல் பிரிவையே அஞ்சி ஒதுங்குகிறது. ஒரு வாழ்வின் திசை அங்கே மாறிவிடுகிறது. ஆகவே ஆசிரியரின் பாடப் பயிற்சியை அவரவர் சொந்த முயற்சிக்கு விட்டுவிடாமல், பிள்ளைகளுக்கு அரசு செலுத்த வேண்டிய கடனாகக் கருதி, வரும் கோடையிலேயே மதுரை மாவட்டத்தில் இதைத் தொடங்க வேண்டும். நான்கு சாஸ்திரங்களைப் போதிக்கச் சொல்லும் அரசு, நான்கையும் கற்றுக்கொள்ள ஆசிரியருக்கு நேரமும் இடமும் குருவும் தருவதே முறை.